நிமியா தினமும் பள்ளிக்கூடம் போகிறாள்

யக்காரே ஓடை, சான் பெத்ரோ
3 பிப்ரவரி 1996

அன்புத் தங்கை மிர்த்தாவுக்கு,

அக்கா சுனில்தா எழுதுகிறேன். நீயும் ரோகேயும் பிள்ளைகள் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டே பேனாவை எடுத்தேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் வலி மழைக்கு முந்தி வரும், மழையோடு போய்விடும்.

இந்தக் கடிதத்தை நிமியாவே உன் கையில் கொடுப்பாள். பேருந்து ஓட்டுநர் நமக்குத் தெரிந்தவர்தான், லூக்கேயில் உன்னிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன் என்று சொல்லியிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, "இங்க ஆறாவதோட பள்ளிக்கூடம் முடிஞ்சுபோச்சு. இனிமே இவ இங்க இருந்து என்ன பண்ணப்போறா? எங்கிட்ட அனுப்புக்கா. எம்பிள்ளைங்களோட மூணாவது பிள்ளையா இருந்துட்டுப் போறா" என்று நீ சொன்னாய். அன்றிலிருந்து அதையே மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் அப்பா இறந்த பிறகு எனக்கு இந்த வீட்டில் பேச்சுத்துணை அவள் ஒருத்திதான். என் துணைக்காக ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்துவது நியாயமா என்று கேட்டுப் பார்த்தேன். நியாயமில்லை. அனுப்பிவிட்டேன்.

வேலைக்கு அஞ்சாதவள், உனக்கு ஒத்தாசையாக இருப்பாள். ஆனால் படிப்புக்கு அப்புறம்தான் அது. கணக்கு என்றால் அவளுக்கு உயிர். போன வருஷம் நிலம் அளக்க வந்தவர்கள் பின்னாலேயே நாள் முழுக்க அலைந்து கேள்வி கேட்டாள். அந்த வேலைக்குத்தான் போகப்போகிறாளாம். சிரிக்காதே, அவள் உண்மையாகத்தான் சொல்கிறாள்.

பிறப்புச் சான்றிதழும் ஆறாம் வகுப்பு மதிப்பெண் தாளும் துணிப்பையின் அடியில் இருக்கின்றன. மேலே இருக்கும் பாலாடைக்கட்டியும் நிலக்கடலையும் பிள்ளைகளுக்கு. ஏழாம் வகுப்பில் சேர்த்ததும் ஒரு வரி எழுதிப்போடு.

உன் நினைவாகவே இருக்கும்,
சுனில்தா


லாபாச்சோ நகர், லூக்கே
26 பிப்ரவரி 1996

அன்பு அக்கா,

உன் பிள்ளை உன் மூட்டைகளோடு பத்திரமாக வந்து சேர்ந்தாள். நாங்கள் எல்லோரும் சௌக்கியம். ரோகேக்கு மட்டும் சுங்க அலுவலகத்துத் தொல்லையால் வயிற்றுப்புண் மறுபடி தலைகாட்டியிருக்கிறது. உன் முழங்காலில் குளிர்ந்த தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. பள்ளி திறக்கிற வாரம் என்றால் எங்கள் லாபாச்சோ நகர் எப்படி இருக்கும் என்று நீ பார்த்ததில்லை. நூற்றுச் சொச்சம் வீடுகள், எல்லா வீட்டிலும் பள்ளிக்குப் போகிற பிள்ளை. நோட்டுப் புத்தகக் கடையில் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள். தையற்காரி ராத்திரி பகலாக வெள்ளை மேலங்கி தைக்கிறாள், அப்படியும் அராசெலியின் மேலங்கியில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. எதிர்வீட்டுப் பையனுக்குச் சக்கரம் வைத்த பை வந்துவிட்டது என்று தெரிந்ததும் அராசெலி சாப்பிட மாட்டேன் என்று படுத்துக்கொண்டாள். கடைசியில் அவளுக்கும் ஒன்று வாங்கினோம், ஊதா நிறம், மூடியில் பட்டாம்பூச்சி. மாத்தியாஸ் இந்த வருஷம்தான் பாலர் வகுப்புக்குப் போகிறான். வாசலில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதுவிட்டேன்.

இன்னொரு சேதி. குடியிருப்போர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இரும்பு வாசலும் காவலாளி கூண்டும் புதிதாக வந்திருக்கின்றன. இனி கண்டவர்கள் உள்ளே வர முடியாது.

வேலைக்கு இருந்த பெண் ஜனவரியில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். நல்ல வேளையாக நிமியா வந்தாள். அவள் நலம். பள்ளி விஷயமெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் நம் குவாரனி பாஷை மட்டும் பேச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் நாக்கில் அது ஒட்டிக்கொண்டால் வகுப்பில் கேலி செய்வார்கள்.

அன்பு முத்தங்களுடன்,
மிர்த்தா


யக்காரே ஓடை
12 மார்ச் 1996

அன்பு மிர்த்தா,

உன் வீட்டில் எல்லோரும் நலம் என்று படித்ததும் மனது நிறைந்தது. ரோகேக்கு வயிற்றுக்கு இதமான மூலிகை கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். தெரெரே பானம் போடும்போது பச்சைத் தண்ணீரில் கசக்கிப் போடு.

அராசெலியின் ஊதாப் பை என் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. மாத்தியாஸ் அழுததைப் படித்து எனக்கும் கண் கலங்கியது. நிமியாவின் பை என்ன நிறம்? முதல் நாள் அவள் அழுதாளா, சிரித்தாளா? வகுப்பில் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்? உனக்கு வேலை அதிகம் என்று தெரியும். அவளையே எழுதச் சொல். அவள் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குப் போதும்.

உங்கள் எல்லோருக்கும் ஆசிகள்.
சுனில்தா


லாபாச்சோ நகர்
31 மார்ச் 1996

என் அன்பு அம்மாவுக்கு,

கை கூப்பி உன் ஆசியைக் கேட்கிறேன். நான் நலமாக இருக்கிறேன். நீயும் நம் பசுவும் கன்றும் நலமா?

நான் தினமும் பள்ளிக்கூடம் போகிறேன். அராசெலியையும் மாத்தியாஸையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறேன். பள்ளி பெரியது. மஞ்சள் சுவர், சிவப்பு ஓடு. காலையில் முற்றத்தில் வரிசையாக நின்று கொடியேற்றிப் பாடுவார்கள். ஏழாம் வகுப்பு மாடியில் இருக்கிறது. அதற்கு நான்கு ஜன்னல்கள், வெயில் நாட்களில் எல்லாவற்றையும் திறந்து வைப்பார்கள். கணக்கு எடுக்கும் டீச்சர் பெயர் தெல்ஃபினா. அவர்கள் குரல் தெருவரைக்கும் கேட்கும். இப்போது சதவீதம் நடக்கிறது.

ஈஸ்டருக்கு என்னால் வர முடியாது. சித்தி வீட்டுக்கு விருந்தினர் வருகிறார்கள். நீ என் பங்குச் சிப்பா ரொட்டியையும் சுட்டுச் சாப்பிடு.

சித்தி இந்தக் கடிதத்தைப் படித்தார்கள். பிழை இல்லை என்று சொன்னார்கள்.

உன் மகள்,
நிமியா


யக்காரே ஓடை
14 ஏப்ரல் 1996

அன்புத் தங்கைக்கு,

ஈஸ்டர் நல்லபடியாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அடுப்பைச் சுற்றி நிற்க ஆளில்லை. ஒருத்திக்குச் சிப்பா சுடுவது கஷ்டம், மாவு எவ்வளவு குறைத்தாலும் மிஞ்சுகிறது.

பிள்ளை எழுதிய கடிதம் வந்தது. நம் ஊர் டீச்சரிடமும் காட்டினேன், பெருமையாகத்தான் காட்டினேன். அவர் இரண்டு தரம் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தபடி திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நானும் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். ஒரு சிநேகிதியின் பெயர் இல்லை. சுவரின் நிறம் இருக்கிறது, ஓட்டின் நிறம் இருக்கிறது. டீச்சரின் குரல் தெருவரைக்கும் கேட்கும் என்கிறாள். வகுப்புக்குள் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குத் தெருவில் என்ன கேட்கும் என்று எப்படித் தெரியும்?

நான் எதையும் முடிவு செய்து கேட்கவில்லை. நீ என் கூடப் பிறந்தவள். ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் எழுது. நிமியாவை ஏழாம் வகுப்பில் சேர்த்தாயா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
சுனில்தா


லாபாச்சோ நகர்
3 மே 1996

அக்காவுக்கு,

சுகம். உன் சுகமும் அவ்வாறே இருக்கட்டும்.

உன் கடிதம் என் மனதை எவ்வளவு புண்படுத்தியது என்று உனக்குத் தெரியாது. உன் பிள்ளைக்குச் சோறு, துணி, படுக்க இடம், டெலிவிஷன், குளிக்க வெந்நீர் எல்லாம் கொடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு நீ தரும் பரிசு சந்தேகம். அவளை மதிய வகுப்பில் சேர்த்திருக்கிறேன். காலையில் என் பிள்ளைகளை விட்டுவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்ப்பாள், அதைத்தான் எழுதியிருக்கிறாள். படிப்பில் சுமார். ஊர்ப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தது இங்கே எடுபடவில்லை. பொறுமையாக இருக்க வேண்டும்.

யாரோ ஒரு டீச்சர் முகத்தைச் சுளித்தார் என்பதற்காக என்னைக் கூண்டில் ஏற்றாதே. பிடிக்கவில்லை என்றால் சொல், அடுத்த பேருந்திலேயே அனுப்பிவிடுகிறேன். அங்கே போய் மரவள்ளி பிடுங்கட்டும்.

மிர்த்தா


லூக்கே
20 மே 1996

மதிப்பிற்குரிய சுனில்தா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. நான் லாபாச்சோ நகரில், உங்கள் தங்கை வீட்டுக்கு மூன்றாவது தெருவில் குடியிருக்கிறேன். அங்கே வாசலுக்கு எதிரில் உள்ள பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். உங்கள் மகள் சொன்ன விலாசத்துக்கு இதை அவள் சொன்ன பேருந்திலேயே கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் எழுதப்போவது நல்ல சேதி இல்லை.

இன்று காலை வகுப்புக்குள் நுழைந்தபோது கடைசி பெஞ்சில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். மேலங்கி இல்லை. இடுப்பில் சமையலறைத் துணி கட்டியிருந்தாள். எங்கோ பார்த்த முகம். தினமும் காலையில் இரண்டு சின்னப் பிள்ளைகளை வாசலில் விட்டுவிட்டு, சுவரோரமாக நின்று மாடியைப் பார்க்கிற பெண் என்று அப்புறம்தான் புரிந்தது. பெயர் கூப்பிட்டு முடித்தேன். அவள் பெயர் வரவில்லை. கேட்டேன், நிமியா என்றாள்.

"பதிவேட்டுல உம்பேரு இல்லையேம்மா."

"தெரியும் டீச்சர். என்னைச் சேக்கவே இல்ல."

"அப்புறம் எப்படி வந்தே?"

"நடந்து வந்தேன்" என்றாள். அவள் அதைக் குறும்பாகச் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

மதிய வகுப்பில் சேர்த்ததாக உங்கள் தங்கை உங்களுக்கு எழுதியதை நிமியா சொன்னாள், ஆனால் மதிய வகுப்பு என்று எங்கள் பள்ளியில் ஒன்று கிடையாது. மதியம் அவள் துணி துவைக்கிறாள். காலையில் தரை, அப்புறம் சமையல், சாயங்காலம் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது. இதெல்லாம் அவள் புகாராகச் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டபோதுதான் அவள் முகம் மாறியது. "தினமும் பள்ளிக்கூடம் போறேன்னுதான் எழுதினேன். அது பொய் இல்லையே டீச்சர். ஆனா அம்மா அதை நம்பிட்டாங்களே, அது தாங்கல. அதான் இன்னிக்கு உள்ள வந்துட்டேன்" என்றாள்.

நான் பாடத்தை ஆரம்பித்தேன். பாதிப் பாடத்தில் உங்கள் தங்கை வந்து கதவருகே நின்றார். "வாடி வீட்டுக்கு. அடுப்புல ஒண்ணுமே ஏத்தல." நிமியா இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "மணி அடிக்கட்டும் சித்தி, வரேன்" என்றாள். உங்கள் தங்கை என்னைப் பார்த்து, ஊரிலிருந்து பாவம் பார்த்துக் கூட்டிவந்த பெண், வீட்டுப் பிள்ளை மாதிரிதான் வைத்திருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பாடம் நடக்கிறது, கதவைச் சாத்திவிட்டுப் போங்கள் என்று சொன்னேன். சாத்திவிட்டுப் போனார்.

அம்மா, எனக்குக் கோபம் அடங்கவில்லை. கோபம் உங்கள் தங்கை மேல் மட்டும் இல்லை. எங்கள் குடியிருப்பில் எந்தக் கதவைத் தட்டினாலும் இப்படி ஒரு பெண்தான் வந்து திறக்கிறாள். எல்லோரும் வீட்டுப் பிள்ளை மாதிரி என்றுதான் சொல்கிறார்கள். வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கிற நேரத்தில் இவள் அவர்கள் படுக்கையை விரித்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாகக் கோயிலுக்கு வருகிறார்கள்.

தலைமையாசிரியரிடம் பேசினேன். தாயோ தந்தையோ நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார். ஜூலை மாதக் குளிர்கால விடுமுறைக்கு முன் நீங்கள் வர வேண்டும். என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. நிமியா அதில் தங்கிப் படிக்கலாம்.

மரியாதையுடன்,
தெல்ஃபினா


யக்காரே ஓடை
26 மே 1996

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

உங்கள் குடும்பத்தில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். என் பிள்ளையைப் பாதி வகுப்பில் எழுப்பி அனுப்பாமல் இருந்தீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொல்லையில் போய் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மூன்று மாதம் என் பிள்ளை சுவரோரம் நின்று காதால் படித்திருக்கிறாள். நான் இங்கே ஊர் முழுக்க என் மகள் லூக்கேயில் படிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மழையால் மண்சாலையில் சங்கிலி போட்டு வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். இந்தக் கடிதத்தைக் குதிரையில் போகிறவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பசுவையும் நிலத்தையும் என் கொழுந்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு நான் தார்ச்சாலை வரைக்கும் நடந்து வந்து பேருந்து பிடிக்கிறேன். மிர்த்தாவுக்கு நான் எழுதவில்லை. நீங்களும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உங்கள் அறையைப் பற்றி. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் டீச்சர், நீங்கள் நல்லவர் என்று தெரிகிறது. ஆனால் உங்கள் வீட்டிலும் கழுவாத பாத்திரம் இருக்கும். இனி என் பிள்ளை யார் வீட்டிலும் இருக்க வேண்டாம். அவள் தன் வீட்டில் இருப்பாள். அந்த வீட்டை நான் அங்கே கொண்டுவருகிறேன்.

கடன்பட்டவளாக,
சுனில்தா


லாபாச்சோ நகர்
16 ஜூன் 1996

அக்கா,

நலமா என்று கேட்பது வழக்கம், கேட்டுவிட்டேன். நீ மதிலுக்கு அந்தப் பக்கம், வண்டி பழுதுபார்க்கிற கடைக்குப் பின்னால் ஓர் அறை பிடித்திருக்கிறாய் என்று காவலாளி சொன்னான். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் உன் கூரைத் தகரம் தெரிகிறது. நேரில் பார்த்தால் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாய். அதனால் எழுதுகிறேன்.

நீ செய்தது உனக்கு நியாயமாகப் படுகிறதா? பிள்ளைகளைக் கூட்டிவர எல்லாப் பெண்களும் வாசலில் நிற்கிற நேரம் பார்த்து, முழங்கால் வரைக்கும் சேற்றோடு வந்து நின்றாய். எந்த வீட்டு வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்று காவலாளி மரியாதையாகத்தான் கேட்டான். நீ என்ன சொன்னாய்? "பதினேழாம் நம்பர் வீட்டு வேலைக்காரியோட அம்மா நான். சம்பளம் வாங்க வரல, பிள்ளைய வாங்க வந்திருக்கேன்." குரலைக்கூட உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பைத்தியக்காரி என்று சொல்லியாவது தப்பித்திருப்பேன். சங்கத்துப் பெண்கள் இப்போது நான் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள். அவர்கள் வீட்டில் இப்படி ஒரு பெண் இல்லையா? எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். பெயர் கெட்டது எனக்கு மட்டும். ரோகே என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. அராசெலி, "நிமியா ஏம்மா நம்ம வீட்டுக்கு வரமாட்டேங்குறா" என்று தினமும் கேட்கிறாள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன், நீ பதில் சொல். எனக்குப் பத்து வயது இருக்கும்போது அம்மா என்னைத் தலைநகர் அசுன்சியோனில் ஒரு வக்கீல் வீட்டுக்கு அனுப்பினாள். அங்கே படிக்க வைப்பார்கள் என்றுதான் சொன்னாள். எட்டு வருஷம் இருந்தேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் தூக்கிப்போட்ட நோட்டுகளைப் பார்த்து இந்தக் கையெழுத்தைக் கற்றுக்கொண்டேன். இங்கே எல்லோரிடமும் நான் பள்ளியிறுதி முடித்தவள் என்று சொல்லியிருக்கிறேன். ரோகேக்கும் அப்படித்தான் தெரியும். நான் கெட்டா போய்விட்டேன்? வீடு இருக்கிறது, புருஷன் இருக்கிறான், பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாம் அந்த வீட்டில் பட்டுக் கற்றுக்கொண்டதுதான். நிமியாவுக்கு மட்டும் அது ஏன் ஆகாது?

எனக்காக யாரும் சேற்றில் நடந்து வந்து ஒரு வாசலிலும் நிற்கவில்லை அக்கா. ஏன் நிற்கவில்லை?

மிர்த்தா


மதிலுக்கு வெளியே
4 ஆகஸ்ட் 1996

மிர்த்தா,

நீ எப்படி இருக்கிறாய் என்று மனதாரக் கேட்கும் நிலைக்கு நான் இன்னும் வரவில்லை. ஆனாலும் உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்றுதான் நினைக்கிறேன். எனக்கு இங்கே பிழைப்பு ஓடுகிறது. விடியலில் சிப்பா சுட்டுப் பள்ளி வாசலில் விற்கிறேன். உன் சங்கத்துப் பெண்களும் வாங்குகிறார்கள். நிமியா விடுமுறைக்கு முந்திய தேர்வில் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் பின்தங்கினாள். இப்போது ராப்பகலாகப் பிடித்துக்கொண்டு வருகிறாள்.

உன் கேள்விக்குப் பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். அம்மா இறந்துபோனாள், இனி அவளைக் கேட்க முடியாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்த வக்கீல் வீட்டுக்காரி அம்மாவுக்கு எழுதுவாள். மிர்த்தா நன்றாக இருக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள் என்று எழுதுவாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டுவேன். பிள்ளை படிக்கிறாள் என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். நீ எனக்கு எழுதிய கடிதங்களை மறுபடி நினைத்துப் பார். அந்த வக்கீல் வீட்டுக்காரியின் வார்த்தைகளைத்தான் நீ எனக்கு எழுதியிருக்கிறாய்.

உனக்கு நடந்ததை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. நீ கோபப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கோபத்தை அவர்கள் மேல் காட்டாமல், அவர்கள் செய்ததை எடுத்து என் பிள்ளைக்குச் செய்தாயே, அதை என்னால் விழுங்க முடியவில்லை.

இதெல்லாம் பழைய கதை. நான் இன்று எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. இரண்டு வாரமாக ஒரு புதுப் பெண் உன் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுவந்து விடுகிறாள். என் கூடைக்குப் பக்கத்தில்தான் நிற்பாள். முதல் நாள் ஒரு சிப்பா கொடுத்தேன், வாங்கவில்லை. மறுநாள் வாங்கினாள். வயது பதினொன்று. காசப்பாவிலிருந்து வந்திருக்கிறாள். "படிக்கவா வந்தே?" என்று குவாரனியில் கேட்டேன். "அடுத்த வருசம் சேப்பாங்களாம்" என்றாள். நிமியா பக்கத்தில் இருந்தாள். அதை அவளும் கேட்டாள்.

நீ என்ன பெண், மிர்த்தா? இத்தனை நடந்த பிறகுமா?

அவள் அம்மாவின் பெயரையும் ஊரையும் கேட்டு வைத்துக்கொண்டேன். தெல்ஃபினா டீச்சர் எனக்கு எழுதினதைப் போல நானும் அந்த அம்மாவுக்கு எழுதுவேன். ஆனால் அதற்கு முன்னால் உனக்கு எழுதுகிறேன், நீ என் தங்கை என்பதால். யாரும் எனக்காக வரவில்லையே என்று கேட்டாய். இந்தப் பிள்ளைக்காக வரக்கூடிய தூரத்தில் நீதான் இருக்கிறாய்.

சுனில்தா


லாபாச்சோ நகர்
12 ஆகஸ்ட் 1996

அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? காலையில் நீ கூடையை இறக்கி வைக்கும்போது கையை ஊன்றுவதைப் பார்த்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. வாசலில் நீ சொன்ன வார்த்தை சாகிற வரைக்கும் என் காதில் இருக்கும். உன் கடிதத்தைப் படித்து இரண்டு முறை கிழிக்கப் போனேன். ரோகே மேசையில் இருந்ததை எடுத்துப் படித்துவிட்டார். வக்கீல் வீட்டுக் கதை அவருக்கு இப்படித்தான் தெரிய வேண்டியிருந்தது. கோபப்படுவார் என்று பார்த்தேன். "இத்தனை வருஷம் ஏன் சொல்லல" என்று மட்டும் கேட்டார்.

இன்று காலை அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். நீ சிப்பா விற்றுக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்க்காத மாதிரி போனேன், நீயும் என்னைப் பார்க்காத மாதிரி இருந்தாய். அது நல்லதாகப் போயிற்று. நீ ஏதாவது சொல்லியிருந்தால் திரும்பியிருப்பேன்.

வருஷம் பாதி போய்விட்டதால் பெயர் இப்போது ஏறாதாம். நவம்பர் வரை நான்காம் வகுப்பில் உட்கார்ந்து கேட்கலாம் என்றார்கள். அவள் அம்மாவின் சம்மதம் வேண்டும். அதை நானே கேட்டு எழுதிவிட்டேன். அவள் இப்போது என்ன செய்கிறாள், இத்தனை நாள் என்ன செய்தாள் என்பதையும் எழுதியிருக்கிறேன். திரும்பக் கூட்டிப்போக வந்தாலும் வரட்டும்.

அலுவலகத்தில் எழுத்தர் அவள் முழுப்பெயர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை அக்கா. மூன்று வாரமாக என் வீட்டில் இருக்கிறாள். பிறந்த நாள் கேட்டார், தெரியவில்லை. நீங்கள் இவளுக்கு என்ன உறவு என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன், வீட்டுப் பிள்ளை மாதிரி என்று சொல்லப்போனேன், வரவில்லை. அந்தப் பெண்ணே முன்னால் போய் மேசையில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். செரஃபினா பெனீதெஸ், அக்டோபர் பன்னிரண்டு. எழுத்தர் எழுதி முடிக்கும் வரைக்கும் அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கீல் வீட்டில் என்னைக் கூப்பிட ஒரு மணி வைத்திருந்தார்கள். எட்டு வருஷத்தில் அந்த வீட்டில் ஒருவரும் என் பெயரை இப்படிக் கேட்டு எழுதிக்கொண்டதில்லை.

மத்தியானச் சமையலை இன்று நான்தான் செய்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

மிர்த்தா